மாணவர் கையில் என்ன வேலை?

(இணையவழியில் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது பற்றி ஆசிரியர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பாடம் நடத்துகிறவர்கள். சிலர், பாடம் நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள். நான் இன்று முக்கியமாகப் பேச வந்திருப்பது அந்தச் சிலரிடம். இணையவழி வகுப்பு என்றாலே சோர்வு, மாணவர்கள் கேமராவை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள் என்று எல்லாரும் ஆசிரியர் மேல் குறை சொல்கிறார்கள். அந்த ஆசிரியருக்கு நாம் என்ன பயிற்சி கொடுத்தோம் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, கரும்பலகையை விட்டு ஒரே வாரத்தில் கைப்பேசிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள் நம் ஆசிரியர்கள். புத்தக அடுக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்து, சொந்த டேட்டாவைச் செலவழித்து, வீட்டுச் சத்தத்துக்கு நடுவே பாடம் எடுத்தார்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. அதே மாத இறுதியில் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹாட்ஜஸும் அவருடைய சகாக்களும் எடுகாஸ் ரிவ்யூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இப்போது நடப்பது அவசரத்துக்குச் செய்கிற தொலைக் கற்பித்தல், இதை வைத்து இணையவழிக் கல்வியை எடைபோட்டுவிடாதீர்கள் என்பது அதன் சாரம். பல்கலைக்கழக அளவில் முழுக்க இணையத்திலேயே நடக்கும் ஒரு பாடத்தைத் திட்டமிட்டுத் தயாரிக்க வழக்கமாக 6 முதல் 9 மாதம் ஆகும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். நம் ஆசிரியர்களுக்குக் கிடைத்தது ஒரு வாரம்.

அது போகட்டும், அது அவசரம். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை வருத்துகிறது. அந்தக் கோடையிலேயே எஃப்.டி.பி. என்ற பெயரில் ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சிகள் வரிசைகட்டி வந்தன. நாளெல்லாம் திரையில் ஒருவர் பேசுவார். நூற்றுக்கணக்கானோர் ஒலியை அடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். திரையைப் பகிர எந்தப் பொத்தான், வினாடிவினா வைக்க எந்தச் செயலி, வருகைப்பதிவு எடுக்க எது என்று வரிசையாகக் காட்டுவார். கடைசி நாள் ஒரு கூகுள் படிவம். அதை நிரப்பினால் மின்னஞ்சலில் சான்றிதழ். எந்த நிறுவனத்தையும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் இதே வடிவம்தான். இன்றும் பெரிதாக மாறவில்லை.

அப்படிப்பட்ட பயிற்சியில் உட்கார்ந்த ஆசிரியர் என்ன கற்றுக்கொண்டார்? பொத்தான்களைக் கற்றார், அடுத்த ஆண்டு செயலி மாறியதும் அவை பயனற்றுப் போயின. இன்னொன்றையும் கற்றார். முகம் தெரியாத கூட்டத்தைப் பார்த்து மணிக்கணக்கில் பேசுவதுதான் இணையவழிக் கற்பித்தல் என்பதை. அதை யாரும் வாயால் சொல்லிக்கொடுக்கவில்லை, செய்து காட்டினார்கள். பயிற்சியில் சொன்னதை ஒரு மாதத்தில் மறந்துவிடலாம். பயிற்சி நடந்த விதம் மறக்காது. மறுநாள் தன் வகுப்பில் ஆசிரியர் அதைத்தான் நடத்துவார். ஆகவே, எந்த விதமான வகுப்பை அவர் நடத்த வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அதே விதமான வகுப்பில் முதலில் அவரை மாணவராக உட்கார வைக்க வேண்டும். நான் இன்று சொல்லும் மற்றவை எல்லாம் இதன் கிளைகள்.

இந்தியாவுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, சைட் என்ற தொலைக்காட்சிச் சோதனையை இஸ்ரோ நடத்தியது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பிகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குப் பெட்டி போயிற்று. விவசாய நிகழ்ச்சிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதே பெட்டி வழியாகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ 50,000 பேருக்கு அறிவியல் கற்பிக்கப் பயிற்சி கொடுத்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். என்.சி.இ.ஆர்.டி. தயாரித்த திட்டம் அது. தொலைக்காட்சியை மட்டும் நம்பி அவர்கள் அதைச் செய்யவில்லை. வானொலி இருந்தது, கையில் அச்சிட்ட வழிகாட்டி இருந்தது. பெட்டியை அணைத்த பிறகு செய்து பார்க்கச் சோதனைகள் இருந்தன, செய்ய வைக்கப் பயிற்சி மையத்தில் ஓர் ஆள் இருந்தார். வானத்தில் ஒரே ஒரு செயற்கைக்கோள், அதுவும் ஓராண்டுக்கு மட்டும். அந்தக் காலத்திலேயே பெட்டி பேசினால் போதாது, பார்க்கிறவர் எழுந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

அதற்கு 30 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் தீபக் பாட்டக் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்காக ஒரு பெரிய முயற்சியைத் தொடங்கினார். 'பத்தாயிரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி' என்பது அதன் பெயர். காரக்பூர் ஐ.ஐ.டி.யும் சேர்ந்துகொண்டது. நல்ல ஆசிரியர் ஒருவர் மும்பையில் இருக்கிறார், கேட்க வேண்டியவர்கள் நாடெங்கும் சிதறி இருக்கிறார்கள். இன்றைய வெபினார் முறையில் யோசித்தால், இணைப்பை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. நாடெங்கும் பல கல்லூரிகளைத் தொலை மையங்களாக்கினார்கள். ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர். அந்த ஒருங்கிணைப்பாளர்களை முதலில் ஐ.ஐ.டி.க்கு வரவழைத்து நேரில் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் முதன்மைப் பயிலரங்கு. அம்ரிதா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏ-வியூ மென்பொருள் வழியாக விரிவுரை நேரடியாக மையத்துக்கு வரும். ஆசிரியர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்து மையத்தில் ஒன்றாக உட்கார்ந்து கேட்பார்கள். செய்முறையை அங்கேயே அந்த ஒருங்கிணைப்பாளர் நடத்துவார். சந்தேகத்தைப் பக்கத்து இருக்கைக்காரரிடமும் கேட்கலாம், மும்பையிலும் கேட்கலாம். நம் சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களுக்குக் கல்லூரிகளில் உள்ளூர்க் கிளையும் வழிகாட்டி ஆசிரியரும் இருப்பதும் இதே தேவையால்தான்.

2020-க்குப் பிறகு வந்த பயிற்சிகளில் இந்த நடு ஆள் காணாமல் போனார். ஆளுக்கு ஒரு கைப்பேசி இருக்கிறதே, மையம் எதற்கு என்று விட்டுவிட்டோம். மிச்சமானது பயணச் செலவு. இழந்தது, செய்து பார்க்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிற கண்.

மும்பை ஐ.ஐ.டி.யிலேயே அடுத்த படியும் நடந்தது. அங்குள்ள கல்வித் தொழில்நுட்பத் துறையில் ஸ்ரீதர் ஐயர், சஹானா மூர்த்தி ஆகியோர் மாணவரை நடுவில் வைத்து இணையவழிப் பாடம் அமைக்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். அதே முறையில் அமைத்த இணையவழிப் பாடத்தின் மூலமாகவே ஆசிரியர்களுக்கு அதைக் கற்றும் கொடுத்தார்கள். நான் சொன்னேனே, எந்த வகுப்பை நடத்த வேண்டுமோ அந்த வகுப்பிலேயே மாணவராக உட்காருவது, அது இதுதான். அதன் உள்ளமைப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதல் அங்கம் வீடியோ. ஆனால் நடுவில் ஓர் இடத்தில் ஆசிரியர் நிறுத்துவார். ஒரு கேள்வி கேட்டு, வீடியோவை நிறுத்தி வைத்துவிட்டு உங்கள் விடையை எழுதுங்கள் என்பார். எழுதிய பிறகு தொடர்ந்தால், மாணவர்கள் எழுதியிருக்கக்கூடிய விடைகளை எடுத்துப் பேசிப் பாடத்தை நகர்த்துவார். முன்கூட்டியே பதிவு செய்த வீடியோவில் மாணவரோடு உரையாடுவது முடியாத காரியம் என்றுதான் நினைப்போம். மாணவர் என்ன நினைப்பார் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் முடிகிறது. இரண்டாவது, பயிற்சிக் கேள்விகள். தவறான விடையைத் தேர்ந்தவருக்குத் 'தவறு' என்று மட்டும் வராது, அந்தத் தவறு எந்த எண்ணத்திலிருந்து வந்திருக்கும் என்று பார்த்து அதற்கேற்ற விளக்கம் வரும். மூன்றாவது, மேலே படிக்க விரும்புகிறவர்களுக்கு வெவ்வேறு வழிகள், படித்ததை உள்வாங்கினாரா என்று பார்க்க ஒரு சிறு வினா. நான்காவது, கலந்துரையாடல். 'சந்தேகம் இருந்தால் கேளுங்கள்' என்று திறந்து போட்டுவிடாமல், குறிப்பிட்ட ஒரு கேள்வியைக் கொடுத்து அதன் மேல் எழுத வைப்பார்கள். பிறகு, மற்றவர்கள் எழுதியதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொண்டீர்கள் என்று இன்னொரு வினா.

நான்கிலும் ஒரே கேள்விதான் ஓடுகிறது: இந்த நொடியில் மாணவர் கையில் என்ன வேலை இருக்கிறது? ஆசிரியருக்குப் பயிற்சி கொடுக்கிறவர் இந்தக் கேள்வியை அவருக்குள் ஊன்றிவிட்டால் போதும். மற்ற கருவிகளை அவரே தேடிக்கொள்வார்.

வீடியோ பற்றி இன்னொன்று. 2014-இல் பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. பயிற்சிகளில் எல்லாரும் இந்த 6 நிமிடத்தை மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள். விளைவாக, 50 நிமிட வகுப்புப் பதிவை எட்டுத் துண்டாக வெட்டிப் போடுகிறார்கள். அதே ஆய்வு சொன்ன அடுத்த செய்தி, வகுப்பறையில் எடுத்த விரிவுரை தரமாகவே இருந்தாலும் அதை வெட்டிப் போட்டால் ஈர்க்காது என்பது. முதலிலேயே சிறு பகுதிகளாக யோசித்துத் திட்டமிட்டால்தான் ஈர்க்கும். நம் கல்லூரிகளுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் அதில் உண்டு. பெரும் செலவில் எடுத்த ஸ்டுடியோ வீடியோவைவிட, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இயல்பாகப் பேசியது நன்றாக எடுபட்டது. ஒளிவிளக்கு வாங்க நிதி இல்லையே என்று எந்தக் கல்லூரியும் காத்திருக்க வேண்டியதில்லை.

இடையில் நிறுத்திக் கேள்வி கேட்பதால் என்ன பயன் என்பதற்கும் சான்று உண்டு. ஹார்வர்டில் கார்ல் ஸ்புனார் குழுவினர் 2013-இல் வெளியிட்ட சோதனை இது. 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரை வீடியோவை நான்கு பகுதியாகப் பிரித்து, இடையிடையே சின்னச் சின்னத் தேர்வு வைத்தார்கள். தேர்வு எழுதியவர்களின் கவனம் சிதறுவது மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அவர்கள் குறிப்பும் அதிகம் எடுத்தார்கள். சிறிய சோதனைதான். ஆனாலும் ஆசிரியர்கள் அனுபவத்தில் அறிந்ததோடு ஒத்துப்போகிறது.

இனி நேரலை வகுப்புக்கு வருகிறேன். அங்கே நாம் அதிகம் கேட்கிற கேள்வி 'புரிந்ததா?' என்பது. யாரும் பதில் சொல்வதில்லை. உடனே நாமே மேலே போய்விடுகிறோம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1960-களிலும் 70-களிலும் ஏராளமான வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டச் சொல்லிப் பழக்கியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்பவர்கள் கூடினார்கள். மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். இது நேருக்கு நேர் வகுப்பில். இணையத்தில் குரல் போய்ச் சேரவே நேரம் பிடிக்கிறது. ஒலித்தடையை நீக்க வேண்டும், தட்டச்சு செய்ய வேண்டும், அதுவும் தமிழில் செய்ய வேண்டும். மூன்று விநாடி எந்த மூலைக்கு? கேள்வியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் பதினைந்து எண்ணுங்கள் என்பேன். அந்தப் பதினைந்து விநாடி மௌனம் ஆசிரியருக்குப் பெரிய வேதனை. அதைத் தாங்கப் பழக்குவது பயிற்சியாளரின் வேலை. சொல்லிக்கொடுத்து வராது. பலமுறை செய்ய வைத்துத்தான் வரும்.

கேள்வியும் கேள்வியாக இருக்க வேண்டும். ஓர் இயற்பியல் வகுப்பை எடுத்துக்கொள்வோம். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு நடத்தி முடித்தாயிற்று. 'புரிந்ததா' என்று கேட்பதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: 40 வாட் குண்டு பல்பு ஒன்று, 100 வாட் குண்டு பல்பு ஒன்று. இரண்டையும் தொடர் இணைப்பில் வீட்டு மின்சாரத்தில் போட்டால் எது அதிக வெளிச்சமாக எரியும்? விடையைச் சாட்டில் தட்டச்சு செய்து வையுங்கள், நான் சொல்லும்வரை அனுப்ப வேண்டாம். ஒரு நிமிடம் கழித்து 'இப்போது அனுப்புங்கள்' என்று சொன்னால், அறுபது விடையும் ஒரே மூச்சில் வந்து விழும். முதலில் எழுதிய கெட்டிக்காரரைப் பார்த்து மற்றவர் நகலெடுக்க வழியில்லை. கேமரா தேவையில்லை, டேட்டாவும் அதிகம் தின்னாது. பெரும்பாலோர் 100 என்று எழுதியிருப்பார்கள். அதைத் திருத்தாமல், 40 என்று எழுதிய இருவரைக் காரணம் சொல்லச் சொல்லுங்கள். இரண்டிலும் ஓடும் மின்னோட்டம் ஒன்றே, 40 வாட் பல்பின் மின்தடை அதிகம், ஆகவே அதுதான் பிரகாசமாக எரியும் என்று மாணவர் வாயிலிருந்தே வரும். இந்த ஒரு கேள்வியைத் தேடிக் கண்டுபிடிக்க ஆசிரியருக்கு ஒரு மாலைப்பொழுது ஆகலாம். ஈர்ப்பு என்று நாம் சொல்வது அந்த மாலைப்பொழுதில்தான் உருவாகிறது. அசைகிற படங்களாலும் வண்ணப் பின்னணியாலும் அது வராது.

கேமராவைப் பற்றி ஒரு சொல். கட்டாயம் போடச் சொல்லாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் எழுதிய கட்டுரையில், வீடியோ சந்திப்புகள் ஏன் களைப்பூட்டுகின்றன என்பதற்குத் தன் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதையும், இத்தனை கண்கள் இவ்வளவு நெருக்கத்தில் நம்மைப் பார்ப்பதையும் காரணங்களாகக் காட்டுகிறார். நம் பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் காரணங்கள் உண்டு. ஒற்றை அறை வீடு, அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே போன், மாதக் கடைசியில் தீர்ந்துபோகும் ரீசார்ஜ். ஒரு பெண் தன் வீட்டுச் சுவரை வகுப்புக்குக் காட்ட விரும்பாதது அவளுடைய உரிமை. அவள் வகுப்பில் இருக்கிறாளா என்பதை அவள் எழுதிய விடையில் பாருங்கள்.

எழுதிய விடை என்றதும் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1969-இல் அரச பட்டயம் பெற்று 1971 ஜனவரியில் பாடம் தொடங்கியது. பிபிசியில் ஒளிபரப்பான அதன் நிகழ்ச்சிகள் புகழ்பெற்றவை. ஆனால் கற்பித்தலின் பெரும் பங்கு மாணவர் அனுப்பிய ஒப்படைப்புத் தாள்களின் ஓரத்தில் நடந்தது. பகுதிநேரப் பயிற்றுநர் ஒருவர் ஒவ்வொரு தாளிலும் எங்கே வாதம் தடம் மாறியது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதுவார். அப்படித் திருத்திய தாள்களில் சிலவற்றை இன்னொருவர் எடுத்துப் படித்து, மதிப்பெண்ணையும் கருத்துரையையும் பார்த்துப் பயிற்றுநருக்கு ஆலோசனை சொல்வார். கண்டிப்பதற்கு என்று ஏற்பட்டதல்ல அது, வேலை செய்துகொண்டே கற்கும் ஏற்பாடு. அப்படி ஓர் ஏற்பாட்டை நம் தொலைநிலைக் கல்வி மையங்களிலும் காண ஆசைப்படுகிறேன்.

அதே பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் கில்லி சால்மன், இணையவழிக் கலந்துரையாடல்களை நடத்தும் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி அமைத்தார். அந்தப் பயிற்சியே இணையத்தில் நடந்தது. பயிற்றுநர்கள் முதலில் தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்தார்கள், தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் பழகினார்கள், பிறகே பாடம் பேசினார்கள். தங்கள் மாணவர் முதல் நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அவர்களுக்கு விளங்கியது. 2000-இல் வந்த அவருடைய நூலில் உள்ள ஐந்து படிகளில் முதல் இரண்டு இவைதான்: உள்ளே வருவது, பழகுவது. நம் வகுப்புகள் இந்த இரண்டையும் தாண்டிக் குதித்து நேரே மூன்றாவது படியில் இறங்குகின்றன.

இவற்றையெல்லாம் சேர்த்து நம் ஊரில் ஒரு பயிற்சி நடத்தினால் எப்படி இருக்க வேண்டும்? ஐந்நூறு பேர் வேண்டாம், இருபது பேர். ஐந்து முழு நாட்கள் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்று ஒரு பருவம். முதல் வாரங்களில் ஆசிரியர் மாணவராக மட்டுமே இருக்கட்டும். தனக்குத் தெரியாத ஒரு பாடத்தில் உட்காரட்டும். தமிழ் ஆசிரியர் உயிரியலில், கணக்கு ஆசிரியர் வரலாற்றில். ஒருமுறையாவது கைப்பேசியில், மொபைல் டேட்டாவில், கேமரா இல்லாமல் கலந்துகொள்ளட்டும். பிறகு, 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலன் குழுவினர் தொடங்கிய நுண்கற்பித்தல் முறை. பி.எட். படித்த எல்லாருக்கும் அது தெரியும். சிறு பாடம் எடுப்பது, பதிவைப் பார்ப்பது, கருத்துக் கேட்பது, திருத்தி மறுபடி எடுப்பது. அந்த மறுபடி எடுப்பதைத்தான் நாம் வழக்கமாக நேரமில்லை என்று விட்டுவிடுகிறோம். பயிற்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பதிவைப் பார்க்கும்போது உச்சரிப்பையும் உடையையும் விட்டுவிடுங்கள். மாணவருக்கு முதல் வேலை எத்தனையாவது நிமிடத்தில் கிடைத்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேரம் வேண்டும். முதல்வர்களும் நிர்வாகிகளும் இங்கே இருப்பதால் நேரடியாகவே சொல்கிறேன். வாரத்துக்குப் பதினாறு மணி நேர வகுப்பையும் தேர்வுப் பணியையும் அங்கீகாரக் கோப்புகளையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, நல்ல இணையவழிப் பாடமும் தயாரியுங்கள் என்று கேட்பது நியாயமில்லை. பாடம் தயாரிக்கும் பருவத்தில் அவர் கற்பிக்கும் தாள்களில் ஒன்றையாவது குறையுங்கள். அதைப் பணிநேரமாகக் கணக்கில் எழுதுங்கள். சான்றிதழ் எத்தனை என்று பதவி உயர்வுக்கு எண்ணுவதை விட்டு, அவர் எழுதிய கேள்விகளைக் காட்டச் சொல்லுங்கள்.

என் பேச்சை இங்கே நிறுத்துகிறேன், அமைப்பாளர்கள் எனக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. உங்கள் இருக்கையில் ஒரு வெள்ளைத் தாள் வைக்கச் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் நீங்கள் நடத்தப் போகும் பாடத்தில், மாணவர்களில் பாதிப் பேராவது தவறாக விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியை எழுதுங்கள். அதன் கீழே, அவர்கள் என்ன எண்ணி அந்தத் தவறைச் செய்வார்கள் என்று இரண்டு வரி. ஐந்து நிமிடம். பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள், அவர் உங்கள் துறையைச் சேர்ந்தவராக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. அவர் விடை எழுதட்டும். நான் மேடையை விட்டு இறங்கி உங்களிடையே வருகிறேன்.